வட்டும் அரங்கும்: சிறுவர் இலக்கெறி ஆட்டங்களும் பள்ளி உடற்கல்வியும்

1. முன்னுரை

உவகை என்னும் மெய்ப்பாடு தோன்றுதற்குரிய நிலைக்களன் நான்கு எனக் கூறும் தொல்காப்பியர், செல்வத்தோடும் அறிவோடும் காதலோடும் விளையாட்டினையும் ஒருங்கு வைத்து எண்ணினார். விளையாட்டினைப் பொழுதுபோக்கு என்ற அளவில் அவர் ஒதுக்கினாரல்லர் என்பது இதனாற் பெறப்படும். ஆயினும் தமிழர் விளையாட்டுகளைப் பற்றிய ஆராய்ச்சி ஏறு தழுவுதல், புனலாட்டு, ஊசல், பந்து ஆகியவற்றைச் சுற்றியே பெரிதும் நிகழ்ந்து வந்துள்ளது. சிறுவர் நாள்தோறும் தெருவிலும் தோப்பிலும் ஆடிவந்த எறிதல் ஆட்டங்கள், எளியன என்பதனாலேயே ஆராய்வார் கண்ணில் மிகுதியும் படாது போயின.

கையினால் விடுக்கப்படும் ஒரு பொருள், குறித்த ஓரிடத்தையேனும் பொருளையேனும் சென்றடைதலே வெற்றிக்கு அளவாக உடைய ஆட்டங்களை ஈண்டு இலக்கெறி ஆட்டம் என வழங்குவோம். மேலாக வீசுதலும், கீழாக உருட்டுதலும், விரலாற் சுண்டுதலும் இதன்கண் அடங்கும். இவ்வாட்டங்கள் நம் நாட்டில் எத்துணைப் பழமையுடையன, அவற்றின் உள்ளமைப்பு யாது, பள்ளிக்கூடத்தில் உடற்கல்வி தோன்றியபோது அவற்றுள் எது உள்ளே வந்தது, எது வெளியே நின்றது என்னும் மூன்றும் இக்கட்டுரையில் ஆராயப்படும்.

2. சங்கச் செய்யுட்களில் எறிதல்

சங்க நூல்களில் எறிதல் முதற்கண் ஒரு தொழிலாகவே காணப்படுகிறது. தினைப்புனம் காப்போர் பரண்மீதிருந்து கவணிற் கல் வைத்து எறிந்தனர். மலைபடுகடாத்தில், மலைவழியே செல்லும் கூத்தர்க்கு வழி கூறும் பகுதியில், யானையை ஓட்டுதற்குக் குறவர் விடுக்கும் கவண்கல் உயிரையும் போக்கவல்லது. ஆதலின் மரங்களின் மறைவிலே ஒதுங்கிச் செல்லுக என்னும் எச்சரிக்கை காணப்படுகிறது. எறிகல்லின் விசையை இத்துணை நடைமுறையறிவோடு கூறும் பகுதி வேறொன்று அரிது.

கலித்தொகை 41-ஆம் பாட்டு அக்கல் செல்லும் வழியையே நமக்குக் காட்டுகிறது. கவணினின்று புறப்பட்ட கல் வேங்கைப் பூவைச் சிதறுகிறது, கனிந்த ஆசினிப் பழத்தை உதிர்க்கிறது, தேனடையைத் துளைக்கிறது, மாவின் கொத்தைக் குலைக்கிறது, வாழை மடலைக் கிழிக்கிறது, இறுதியில் பலாப்பழத்தினுள் புகுந்து தங்குகிறது. புலவர் நாட்டின் வளம் காட்டவே இதனைப் பாடினார் என்பது உண்மை. ஆயினும், விசையோடு புறப்பட்ட கல் ஒவ்வொன்றாய்ப் பட்டுப் பட்டு விசை குன்றி, மென்மையும் பருமையும் உடைய பொருளில் அமைதலை முறைப்படக் கூறும் இவ்வரிசை, எறிதலைக் கண்ணாற் கண்டு பழகியவர்க்கன்றி வாயாது.

நெய்தல் நிலத்து நகரிலும் எறிதல் உண்டு. பட்டினப்பாலையில், காவிரிப்பூம்பட்டினத்து மகளிர் முற்றத்தில் உலரும் நெல்லைத் தின்னவரும் கோழியின்மேல் தம் காதிலிருந்த கனத்த குழையைக் கழற்றி எறிகின்றனர். அக்குழை தெருவிற் கிடந்து, சிறுவர் உருட்டிச் செல்லும் மூன்று சக்கரச் சிறுதேரினைத் தடுக்கிறது. செல்வத்தின் பெருமையைக் காட்டும் இக்காட்சி, கைக்குக் கிடைத்ததை எடுத்துக் குறிபார்த்து எறிதல் மகளிர்க்கும் இயல்பான பழக்கம் என்பதனையும் உடன் காட்டுகிறது.

இத்தொழிலைச் சிறுவர் பயின்ற வகையினைப் புறநானூறு 324-ஆம் பாட்டு தெரிவிக்கிறது. ஆலத்தூர் கிழார் பாடிய அப்பாட்டில், வேட்டுவர் மக்கள் வளாரை வளைத்துச் சிறு வில் செய்கின்றனர். உடைமரத்தின் வெள்ளிய முள்ளினை ஊகம்புல்லின் நுண்ணிய கோலிற் செறித்து அம்பு செய்கின்றனர். பருத்தி வேலியில் மறைந்துள்ள எலியைக் குறிபார்க்கின்றனர். உடைமுள்ளின் அடி உள்ளே துளையுடையது. ஆதலின் புல்லின் கோல் அதனுள் நன்கு பொருந்தும். கருவியைத் தாமே செய்தல், இலக்கினைத் தாமே தேர்தல் என்னும் இரண்டும் இப்பாட்டில் சிறுவரின் செயல்களாகவே உள்ளன. இக்குறிப்பு பின்னர் நமக்கு வேண்டப்படும்.

3. வட்டாட்டும் அதன் அரங்கும்

தொழிலினின்றும் வேட்டையினின்றும் பிரிந்து, ஆட்டம் என்ற தனிநிலையில் இலக்கெறிதல் காணப்படும் இடம் நற்றிணை 3-ஆம் பாட்டாகும். இளங்கீரனார் பாடியது அது. பொருள்தேடப் பாலைவழிச் செல்ல எண்ணும் தலைவன், முன்னொருகால் சென்றபோது கண்டதனை நினைக்கின்றான். வானளாவிய வேம்பின் கிளையில் ஈன்ற பருந்து வருந்தியிருக்கிறது. அம்மரத்தின் புள்ளி புள்ளியான நிழலில் சிறுவர் அரங்கு கீறி நெல்லிக்காயை வட்டாகக் கொண்டு ஆடுகின்றனர். அவ்வூர் வில்லையே ஏராகக் கொண்டு வாழ்வோரின் சிற்றூர். கொடிய போர்முனையாகிய ஊரிலும் வேம்பின் நிழலில் ஓர் ஆட்டம் நிகழ்கிறது என்பது பாட்டின் நயம்.

வட்டு என்னும் சொற்குச் சூதாடு கருவி என்ற பொருளும் உண்மையின், சிறுவர் ஆடியதும் சூதின் வகையே என்று கொள்வாரும் உளர். அக்கருத்து ஈண்டுப் பொருந்துவதன்று. சூதுக் காய்க்குப் பக்கங்களும் அவற்றின்மேற் குறிகளும் இன்றியமையாதன. உருண்டையாகிய நெல்லிக்காயில் அவற்றைக் காண்டல் இயலாது. உருளும் பொருளை ஒருவன் கையாளும் திறன் யாது? எங்கே சென்று நிற்கவேண்டுமோ அங்கே சென்று நிற்குமாறு விடுதலேயாம். பரிமேலழகர் கருத்தும் இதுவே. திருக்குறள் 401-ஆம் குறளுக்கு உரை கூறுமிடத்து அவர், அரங்கு என்பது வகுக்கப்பட்ட இடம் என்றும், வட்டாடுதல் என்பது உண்டையை உருட்டுதல் என்றும் பொருள் கூறி, அதற்கு இந்நற்றிணைப் பாட்டினையே சான்றாகக் காட்டினார். பதின்மூன்றாம் நூற்றாண்டினை ஒட்டி வாழ்ந்த அவ்வுரையாசிரியர், நூலின் சொல்லைச் சிறுவரின் ஆட்டத்தால் விளக்கியமை கருதத்தக்கது.

அக்குறள் கூறுவது யாது? நிரம்பிய நூலறிவின்றி அவையிற் புகுந்து பேசுதல், அரங்கு வகுக்காமல் வட்டாடுதலை ஒக்கும் என்பது. உண்டை கையில் உள்ளது. கைக்கு வலிமையும் உள்ளது. ஆயினும் கோடு இல்லை. கோடு இல்லாவிடத்து எறிந்த உண்டை சரியாகச் சென்றதா தவறிச் சென்றதா என்று கூறுதற்கே வழியில்லை. ஆடுவான் வென்றானும் அல்லன், தோற்றானும் அல்லன். ஆகவே வட்டாட்டில் ஆட்டத்தை ஆட்டமாக்குவது உண்டையன்று, அரங்கே என்பது வள்ளுவர் உவமையால் விளங்கும்.

நற்றிணைப் புலவரும் இதனை வேறொரு வகையால் உணர்த்துகின்றார். சிறுவர் கீறிய அரங்கினை அவர் கட்டளைக்கல்லுக்கு ஒப்பிடுகின்றார். நற்றிணைக்கு உரையெழுதி வெளியிட்ட பின்னத்தூர் நாராயணசாமி ஐயரின் பதிப்பு 1915-இல் வெளிவந்தது முதல் இவ்வுவமை கற்றார் பலராலும் பாராட்டப்பட்டுள்ளது. பொன்னை உரைத்த கோடுகள் கட்டளைக்கல்லில் தோன்றுமாறு போலத் தரையில் கோடுகள் தோன்றின என்பது நேர்பொருள். அதனோடு, கட்டளைக்கல் பொன்னின் மாற்றினை அறிவிக்கும். அரங்கு கையின் மாற்றினை அறிவிக்கும் என்னும் பொருளும் அதனுள் அடங்கியுள்ளது எனக் கொள்ளுதல் மிகையாகாது.

இவ்விரு செய்யுட்களையும் அடுத்தடுத்து வைத்துக் காணின் ஓர் அரிய ஒற்றுமையும் முரணும் தோன்றும். குறள் அமைந்துள்ள அதிகாரம் கல்லாமை. நற்றிணைச் சிறுவர்க்குப் புலவர் கொடுத்த அடையும் கல்லா என்பதே. வேறு தொழில் பயிலாத இளஞ்சிறார் என்று அதற்குப் பொருள் கொள்ளினும், கல்வி பெறாதவர் என்று கொள்ளினும், அவர்கள் அரங்கினை இழைத்த பின்னரே ஆடுகின்றனர். கற்ற அவையிற் புகும் கல்லாதவனிடம் இல்லாத ஒழுங்கு, வேம்பின் நிழலிலுள்ள கல்லாச் சிறுவரிடம் உள்ளது. அவர்க்கு அதனைக் கற்பித்த ஆசிரியர் எவரும் பாட்டில் இல்லை. ஆட்டமே அதனைக் கற்பித்தது.

4. நாட்டுப்புற ஆட்டங்களின் அமைப்பு

சங்க காலத்து வட்டாட்டின் விதிகள் நூல்களிற் கூறப்படவில்லை. ஆயினும் அதன் உறவினர் எனத்தக்க ஆட்டங்கள் நம் காலம் வரையில் வாழ்ந்துள்ளன. ஞா. தேவநேயப் பாவாணர் 1954-இல் வெளியிட்ட ‘தமிழ்நாட்டு விளையாட்டுகள்’ என்னும் நூல், அவற்றை ஆண்பாற் பகுதி, பெண்பாற் பகுதி, இருபாற் பகுதி என வகுத்துத் தொகுத்துக் கூறும் சிறப்புடையது. அவற்றுள் இலக்கெறிதற்கு உரியன சிலவற்றின் அமைப்பினை மட்டும் ஈண்டுக் காண்போம்.

கோலி எனவும் குண்டு எனவும் வழங்கும் ஆட்டத்தில் உண்டையை இடக்கை விரல் நுனியில் வைத்து, வலக்கையால் அவ்விரலைப் பின்னுக்கு வளைத்து விடுகின்றனர். பெருவிரல் தரையில் ஊன்றியிருக்கும். விரல் வில்லாகவும், உண்டை அம்பாகவும் அமையும் இம்முறை ஒரு சிறு வில்வித்தையே ஆகும். தரையில் குழி தோண்டி அதனுட் செலுத்துவதும், வட்டம் கீறி அதனுள் உள்ள காய்களை அடித்து வெளியேற்றுவதும் இதன் பெருவகைகள். பம்பரத்திலும் வட்டம் உண்டு. அதனுள் வைத்த பம்பரத்தின்மேல் தன் பம்பரத்தின் ஆணி பாயுமாறு கயிற்றினால் வீசுதல் அதன் திறன். ஓட்டுச்சில்லுகளை ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கிப் பந்தால் அடித்துச் சிதறச்செய்து, எதிரணி பந்தெடுத்து எறிவதற்குள் மீண்டும் அடுக்குவது மற்றொரு வகை. இதில் எறிதலோடு ஓட்டமும் கூடுகிறது.

சிறுமியர் ஆடும் பாண்டி இவையனைத்தினும் நுட்பமானது. கட்டங்கள் கீறி, சில்லினை முதற் கட்டத்தில் எறிந்து, ஒற்றைக்காலில் தாவிச் சென்று அதனைத் தள்ளியோ எடுத்தோ திரும்புவர். அடுத்த முறை இரண்டாங் கட்டம். அதன்பின் மூன்றாங் கட்டம். சில்லு கோட்டின்மேல் விழினும் முறை போயிற்று. தவறியவள் தவறிய கட்டத்திலிருந்தே பின்னர்த் தொடர்வாள். வெற்றி பெற்றவளுக்கு இலக்கு தொலைவாகிறது. தவறியவளுக்கு அதே இலக்கு மீண்டும் வாய்க்கிறது. படிப்படியாக அருமை கூடும் பாடம் ஒன்றினை வகுக்கும் ஆசிரியர் இதனினும் சிறப்ப வகுத்தல் அரிது.

இவ்வாட்டங்கட்குப் பொதுவாகிய இயல்புகள் மூன்று. அரங்கினை ஆடுவோரே கீறுகின்றனர். கருவி விலையின்றிக் கிடைக்கும் காயாகவோ ஓடாகவோ கல்லாகவோ உள்ளது. எறியும் தொலைவு ஓரளவாய் நில்லாது மாறிக்கொண்டே இருக்கிறது. கோடு வளைந்தது என்று ஒருவன் கூற, மற்றவன் மறுக்க, கால் அடியால் அளந்து கோட்டினைத் திருத்திய பின்னரே ஆட்டம் தொடரும். அவ்வழக்கும் தீர்ப்பும் ஆட்டத்திற்குப் புறம்பானவை அல்ல.

குறைகளையும் மறைத்தலாகாது. கோலியில் தோற்றவன் கைமுட்டியைக் குழியருகே வைக்க, வென்றவர் உண்டையால் அடித்துக் காயப்படுத்துவது உண்டு. காய்களையும் பின்னர்க் காசுகளையும் பந்தயமாக வைத்த இடங்களில் அது சிறு சூதாகவே முடிந்தது. கிட்டிப்புள்ளின் புள் கண்ணிற் பட்டு ஊறு விளைத்தலும் உண்டு. தெருவின் எல்லையே ஆடுவோரின் எல்லையாக இருந்தமையின், சாதியாற் பிரிந்த ஊர்களில் ஆட்டமும் பிரிந்தே கிடந்தது. பெற்றோரும் ஆசிரியரும் இவற்றை வெறுத்தமைக்குக் காரணம் இல்லாமல் இல்லை.

5. பெரியோர் எறிதலின் முடிவு

சிறுவர் ஆட்டத்தின் வரலாற்றினை அறியப் பெரியோர் எறிதலின் வரலாற்றையும் ஒருசிறிது அறிதல் வேண்டும். பாண்டி நாட்டில், சிறப்பாகச் சிவகங்கை, இராமநாதபுரம், மதுரைப் பகுதிகளில், வளரி என்னும் வளைந்த எறிகருவி வழங்கியது. கிழக்கிந்தியக் கும்பெனிப் படையில் அலுவலராய் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ், 1830-இல் வெளியிட்ட தம் படைவாழ்வு நினைவுகளில், வேல் எறியவும் வளரி வீசவும் தமக்கு முதற்கண் கற்பித்தவர் சின்ன மருது என்று எழுதியுள்ளார். கைதேர்ந்தவன் நூறு கசத் தொலைவுக்குள் அதனைக் குறி தவறாது எறிவான் என்பதும் அவர் கூற்று. 1801-இல் அதே வெல்ஷ் மருதிருவர்க்கு எதிரான போரில் ஈடுபட்டார். அவ்வாண்டு அக்டோபர் 24-ஆம் நாள் அவ்விருவரும் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். கற்பித்தவனுடைய முடிவினை மாணவன் வருத்தத்தோடு எழுதிவைத்த அரிய பகுதி அது.

அப்போருக்குப்பின் பாளையக்காரர் நாட்டில் படைக்கலம் வைத்திருத்தல் தடை செய்யப்பட்டது. எட்கர் தர்ஸ்டன் 1909-இல் தென்னிந்தியக் குலங்கள், பழங்குடிகள் பற்றிய தம் பெருந்தொகுதிகளை வெளியிட்ட காலத்தில், வளரி பெரும்பாலும் அருங்காட்சியகப் பொருளாகவும், கள்ளர் மணவினையில் மாற்றிக்கொள்ளப்படும் அடையாளப் பொருளாகவும் அவரால் குறிக்கப்பட்டது. மூத்தவன் இளையவனுக்கு முறையாகக் கற்பித்த எறிதற்கலை இவ்வாறு பொதுவாழ்வினின்றும் நீங்கியது. எஞ்சியது சிறுவர் தமக்குத்தாமே கற்பித்துக்கொண்ட எறிதல் மட்டுமே.

6. பள்ளிக்கூடத்தின் வருகை

ஆங்கிலவழிப் பள்ளிகளில் உடற்பயிற்சி முதலில் அணிவகுப்பாகவே வந்தது. வரிசையில் நிற்றல், கட்டளைக்கு ஏற்பக் கைகால்களை அசைத்தல் என்பனவே அதன் உள்ளடக்கம். உடற்பயிற்சி ஆசிரியரை மக்கள் ‘டிரில் வாத்தியார்’ என்று அழைத்தமையே இதற்குச் சான்று. அவ்வகுப்பில் கட்டளை என்பது பொன்னுரைக்கும் கல்லன்று; வாயினின்று பிறக்கும் ஆணை.

இந்நிலை மாறத் தொடங்கியது, 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி நிறுவப்பட்டது முதலாகும். அதனை நிறுவிய ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர், மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிக் கல்லூரியில் பயின்றவர். ஆசிரியர்களைப் பயிற்றி, ஆட்டங்களை வகுப்பின் பகுதியாக்கிய பெருமை அக்கல்லூரிக்கு உண்டு.

அந்த ஸ்பிரிங்ஃபீல்டு, இலக்கெறி ஆட்டத்தின் வரலாற்றில் தனிச்சிறப்புடைய ஊர். 1891-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், பனிக்காலத்தில் உள்ளரங்கில் ஆடத்தக்க ஓர் ஆட்டத்தினை 18 மாணவர் கொண்ட வகுப்பிற்கு அமைத்துத் தருமாறு பணிக்கப்பட்ட ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர், பீச்சுப் பழக்கூடைகள் இரண்டினைப் பத்தடி உயரத்தில் அறைந்து, பதின்மூன்று விதிகளை எழுதிக் கூடைப்பந்தாட்டத்தை உண்டாக்கினார். உடற்கல்வி வகுப்பிற்கென்றே வகுக்கப்பட்டு உலகெங்கும் பரவிய இலக்கெறி ஆட்டம் இதுவே எனலாம்.

ஆயின் இவ்வாட்டத்தின் வித்து வகுப்பறையில் தோன்றியதன்று. கனடா நாட்டவராகிய நெய்ஸ்மித், தாம் இளமையில் சிற்றூரில் ஆடிய கல்லெறி ஆட்டம் ஒன்றினை நினைவுகூர்ந்தார். பெரும்பாறை ஒன்றின்மேல் சிறு கல்லை வைத்து, காவலன் ஒருவனை நிறுத்தி, ஏனையோர் தத்தம் கற்களால் அதனை எறிந்து வீழ்த்துவர். பின்னர்த் தம் கல்லை எடுத்துக்கொண்டு காவலன் தொடுமுன் ஓடிவருவர். வலிந்து எறிந்தவன் கல் தொலைவிற் போய் விழும். அவன் எளிதிற் பிடிபடுவான். வளைவாக மெல்ல எறிந்தவன் கல் அருகில் விழும், அவன் தப்புவான். வலிமையினும் வளைவே சிறந்தது என்னும் இந்நுட்பத்தையே நெய்ஸ்மித் எடுத்துக்கொண்டார். கூடையினைத் தலைக்குமேலே கிடையாக வைத்தமையால், பந்தினை வலிந்து வீசிப் பயனில்லை. வளைத்து விடுதலே வேண்டும். மோதலும் குறைந்தது.

நம் ஆராய்ச்சிக்கு இது மிக முதன்மையானது. கனடாவின் சிற்றூர்ச் சிறுவருடைய கல்லாட்டத்தின் உட்கருத்தினை ஓர் ஆசிரியர் கண்டு எடுத்தார். அது ஸ்பிரிங்ஃபீல்டு வழியாகச் சென்னைக்கும் வந்தது. தமிழ்நாட்டுச் சிறுவருடைய கல்லாட்டம், ஈராயிரம் ஆண்டுச் சான்று உடையதாயினும், பள்ளிச் சுற்றுச்சுவரின் வெளியே நின்றது. வந்ததனைக் குறை கூறுதல் நம் நோக்கமன்று. கூடைப்பந்து நல்லாட்டமே, பள்ளி மைதானம் தெருவின் எல்லைகளைக் கடந்து எல்லாச் சிறாரையும் ஓரணியில் நிற்கச் செய்ததும் பெருநன்மையே. நம் ஆட்டங்களை ஆராய்ந்து அவற்றின் உட்கருத்தினை எடுப்பார் இல்லாது போயினர் என்பதே நம் குறை. கல்லினையும் கைமுட்டிக் காயத்தையும் கண்டு விலக்கியவர், அரங்கினைக் காணாமலே விலக்கினர்.

இழப்பு யாது என்பதனைக் கணக்கிட்டும் காணலாம். நாற்பது மாணவர், ஒரு கூடை, ஒரு பந்து, நாற்பது நிமிடம் உடைய வகுப்பினைக் கொள்க. ஒரு முறை எறிந்து பந்தினை எடுத்துத் தருதற்குக் கால் நிமிடம் ஆகுமாயின், ஒரு மாணவனுக்கு நான்கு எறிகளே வாய்க்கும். எஞ்சிய நேரம் வரிசையிற் கழியும். அந்நாற்பதின்மரும் நால்வர் நால்வராய்ப் பிரிந்து பத்து அரங்குகளைத் தரையிற் கீறி ஆடுவராயின், அதே நேரத்தில் ஒருவனுக்கு நாற்பது எறிகள் வாய்க்கும். பத்துக் கூடைகட்குப் பொருள் வேண்டும்; பத்து அரங்குகட்கு வேண்டுவது ஒரு குச்சியே.

7. ஆராய்ச்சி ஒன்று

நாட்டுப்புற ஆட்டங்களில் தொலைவு மாறிக்கொண்டே இருக்கும் என்றோம். இதன் பயனைச் சோதித்தறிந்த ஆய்வு ஒன்று 1978-இல் வெளிவந்தது. கெர், பூத் என்னும் இருவர், எட்டு வயதுச் சிறுவரை இரு பகுதியாக்கி, பயறு நிரப்பிய சிறு பைகளைத் தரையிலுள்ள இலக்கின்மேல் எறியச் செய்தனர். ஒரு பகுதியார் மூன்றடித் தொலைவிலிருந்தே பயின்றனர். மற்றப் பகுதியார் இரண்டடியிலும் நான்கடியிலும் மாறிமாறிப் பயின்றனர். மூன்றடியில் ஒருமுறையும் பயின்றிலர். இறுதியில் மூன்றடித் தொலைவிலிருந்தே இரு பகுதியாரும் சோதிக்கப்பட்டனர். அத்தொலைவிலேயே பயின்றவரினும், அத்தொலைவில் பயிலாது மாறிய தொலைவுகளிற் பயின்றவரே மிகுதியும் குறிதவறாது எறிந்தனர்.

இத்தகைய முடிவு பின்னர் வந்த எல்லா ஆய்வுகளிலும் ஒரு தன்மையாய்ப் பெறப்பட்டிலது. ஆதலின் இதனை முடிந்த முடிபாகக் கொள்ளுதல் கூடாது. ஆயினும், ஒரே கோட்டில் நின்று ஒரே இலக்கினை எறியச் செய்யும் வகுப்புமுறையே பயன்மிக்கது என்னும் எண்ணத்தினை அது அசைத்துவிட்டது. கட்டந்தோறும் தொலைவு கூடும் பாண்டியும், உண்டை நின்ற இடமே அடுத்த எறிக்குரிய இடமாகும் கோலியும், இம்மாறுதலைத் தம் அமைப்பிலேயே கொண்டுள்ளன. அவற்றை ஆடிய சிறாரும் சிறுமியரும் இதனை ஓர் கொள்கையாக அறிந்தாரல்லர், ஆடினர்.

8. வகுப்பில் வட்டாட்டு

வரலாற்றுக் கட்டுரை நடைமுறைக்கு வழி கூறக் கடமைப்பட்டதன்று. எனினும் மேற்கண்ட சான்றுகளினின்று இயல்பாகப் பெறப்படுவன சிலவற்றைக் கூறி அமைவோம்.

கல்லுக்கு மாற்றாகப் புளியங்கொட்டை நிரப்பித் தைத்த சிறு துணிப்பை போதும். பட்டால் ஊறு இல்லை, விழுந்த இடத்தில் உருளாது நிற்கும். உருட்டிப் பயில விரும்பின் நெல்லிக்காயே உண்டு. காய்களைப் பந்தயமாக வைத்தலும் தோற்றவனை வருத்தலும் விலக்கத்தக்கன. ஆண் பெண் இருபாலாரும் ஒருங்கு ஆடல் வேண்டும். பாண்டியின் படிமுறை ஆண்சிறார்க்கும், கோலியின் விரற்குறி பெண்சிறார்க்கும் பயன்படும். ஒற்றைக்காலில் தாவ இயலாத சிறுவனும் இருந்தவாறே எறிந்து ஆட இடமுண்டு.

இவையனைத்தினும் தலையாயது ஒன்று. அரங்கினை ஆசிரியர் முன்னரே சுண்ணாம்பினால் கீறி வைத்தல் கூடாது. மாணவர் தாமே கீறுதல் வேண்டும். தொலைவினைத் தாமே வகுத்தல் வேண்டும். கோட்டினைப் பற்றிய வழக்கினைத் தாமே தீர்த்தல் வேண்டும். மிக எளிய அரங்கில் எல்லாரும் வெல்வர், ஆட்டம் சுவைக்காது. மிக அரிய அரங்கில் எவரும் வெல்லார், அதுவும் சுவைக்காது. இடைப்பட்ட அளவினைச் சிறுவர் விரைவிற் கண்டுகொள்வர். அளவு என்பதனையும் விதி என்பதனையும் நேர்மை என்பதனையும் அவர் கற்கும் இடம் அதுவே. ஆசிரியர் கீறிய கோட்டில் அவர் கற்பது எறிதல் ஒன்றே.

9. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், இலக்கெறிதல் தமிழ்நாட்டில் காவற்றொழிலாகவும் வேட்டைப் பயிற்சியாகவும் ஆட்டமாகவும் சங்க காலம் முதல் வழங்கியது என்பதும், வட்டாட்டு சூதன்று, உண்டையை வகுத்த இடத்திற் செலுத்தும் திறனாட்டமே என்பதும், பெரியோர் எறிதல் அற்றுப்போன பின்னரும் சிறுவர் ஆட்டங்களில் அதன் ஒழுங்கு நிலைத்தது என்பதும், பள்ளி உடற்கல்வி அவ்வாட்டங்களின் குறைகளைக் கண்டு விலக்கியபோது அவற்றின் உயிராகிய அரங்கினையும் உடன் விலக்கியது என்பதும் விளங்கும்.

அரங்கின்றி வட்டாடுதல் கல்லாமைக்கு உவமையாயிற்று. அரங்கு உண்டு; ஆனால் அதனை இழைக்கும் உரிமை ஆடுவோர்க்கு இல்லை என்னும் நிலையை வள்ளுவர் எண்ணிப் பார்த்திரார். வேம்பின் புள்ளி நிழலில் அமர்ந்த அச்சிறுவர் கையில் ஒரு நெல்லிக்காயும் ஒரு குச்சியும் இருந்தன. நெல்லிக்காய்க்கு மாற்றாகப் பள்ளி பல பந்துகளைத் தந்துள்ளது. அக்குச்சியையும் அது மாணவர் கையிலே திரும்பக் கொடுத்தல் வேண்டும் என்பது எம் துணிபு.